காரியதரிசியின் கை

எங்கள் மாணவர் சங்கத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறுவதற்குள் யாராவது ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்துவிடும். அக்கிராசனர், பொக்கிஷதார், அங்கத்தினர் என்று பதினான்கு பேர் இருந்தோம். அடி வாங்குகிறவன் மாறிக்கொண்டே இருப்பான். அடிக்கிறவர் மட்டும் எப்போதும் ஒருவர்தான். அவர் எங்கள் காரியதரிசி.

ஆள் குள்ளம். அடி வாங்கியவன் எழுந்து நின்று பார்த்தால் தன் தோளுயரத்துக்கு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மணிக்கட்டு மட்டும் தடித்திருக்கும். எங்களைவிட அவருக்கு மூன்று வயது அதிகம். படிப்பைத் தாமதமாகத் தொடங்கியவர். தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து குளுவாங் ஆங்கிலப் பள்ளிக்கு வந்து சீனியர் வகுப்புவரை ஏறியவர் அந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கிராணி வீட்டுப் பிள்ளைகள். நான் ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கிராணியின் மகன். அப்பா தோட்ட ஆபீசில் மேசை போட்டுப் பேர் எழுதுகிறவர். காரியதரிசியின் தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டியவர்கள்.

அவருடைய முறை ஒன்றுதான். முதலில் அடிப்பார். பிறகு, விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு, ஏன் அடித்தேன் என்று விரல் மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லுவார். காரணம் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். அதனால்தான் அவரை யாரும் வெறுக்க முடியவில்லை. "அண்ணே, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்று ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவனுக்கு இன்னொன்று விழுந்தது.

"மொதல்ல சொன்னா நீ கேட்டிருப்பியா? இப்ப பாரு, எவ்ளோ ஒழுங்கா கேக்குறே!"

ஒருநாள் பசாருக்குப் போகும் வழியில், தவறணை வாசலில் ஒருவன் கள் வெறியில் பெண்டாட்டியை மிதித்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவர் கையிலிருந்த புத்தகங்களை என்னிடம் கொடுத்தார். அடுத்த நொடி அந்த ஆள் சாக்கடையில் கிடந்தான். இவர் குனிந்து அவனைத் தூக்கிக் காரணம் சொல்ல ஆரம்பிப்பதற்குள், மிதி வாங்கிய பெண்ணே எழுந்துவந்து விறகுக்கட்டையால் இவர் மண்டையில் ஒன்று வைத்தாள். "எம் புருஷன அடிக்க நீ யாருடா?" தலையில் நான்கு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நன்றிகெட்ட ஜனம் என்று ஏதோ சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க புருஷன், அவங்க அடிச்சாங்க. நியாயந்தான்லா. நானும் கேக்காமதான அடிச்சேன்?"

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பயமும் அதே அளவுக்கு உண்டு. இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பள்ளித் தோட்டத்தில் வேலை செய்த ஜாவாக்காரக் கிழவரின் காலை, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மகன் ஒருவன் வேண்டுமென்றே தட்டிவிட்டான். கிழவர் கையிலிருந்த மண்வெட்டிமேலேயே விழுந்தார். அன்று டிரெஸ்ஸர் மகனின் கை முறிந்தது. அப்பன் கையாலேயே அதற்குக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. ஹெட்மாஸ்டர் வெள்ளைக்காரர், நிதானமான மனிதர். பள்ளி முழுவதையும் வெயிலில் நிற்கவைத்து, எங்கள் காரியதரிசிக்கு ரொத்தானால் பன்னிரண்டு கொடுத்தார். இவர் ஒரு சத்தமும் போடவில்லை. எண்ணிக்கொண்டிருந்த நாங்கள்தான் முனகினோம். கடைசியில் ஹெட்மாஸ்டர் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இனி ஒரே ஒரு அடி நீ யாரையாவது அடித்தால் உன் பெயரை நீக்கிவிடுவேன். பரீட்சை எழுத முடியாது."

பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதில் தேறினால் அவருக்கு ஏதாவது ஓர் ஆபீசில் நாற்காலி கிடைக்கும். அவர் அம்மா லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். ஊரில் ரப்பர் விலை விழுந்து, ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

அன்றிலிருந்து கூட்டங்களில் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். பேசப் பேச உடம்பு ஆடும். கை வெளியே வராது. நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். ஆறு வாரம் ஒருவனுக்கும் ரத்தம் வரவில்லை. சங்கத்தில் சலசலப்பே இல்லாமல் போய்விட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்ளவும் செய்தார்கள்.

இந்த நிலையில்தான் டிக்கெட் விவகாரம் வந்தது. சங்கத்துக்கு ஒரு புத்தக அலமாரி வாங்குவதற்காக நாங்களே எழுதிய ராஜா நாடகம் ஒன்றைப் போடுவது என்று முடிவாகியிருந்தது. தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் தம் ரப்பர் கிட்டங்கியை ஒருநாள் இரவலாகத் தந்தார். தோட்டத்து ஜனங்கள் வெளிச்சத்திலேயே வீடு திரும்ப வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்டோம். சங்கத்து முத்திரை குத்திய அட்டைகள் முந்நூறு தயார். அவற்றை எப்படி விற்பது என்பதுதான் கேள்வி.

அக்கிராசனர் மளிகைக் கடைக்காரரின் மகன். வியாபாரம் தெரிந்தவன். அவன் எழுந்து, "இதுக்கெல்லாம் கூட்டமே வேணாம்" என்றான். "ஒவ்வொரு தோட்டத்துலயும் கங்காணிகிட்ட ஒரு கட்டு குடுத்துடுவோம். காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப அவர் ஆளுக்கு ஒண்ணு நீட்டுவாரு. சம்பளத்துல புடிச்சிக்குவாரு. ஒரே நாள்ல முந்நூறும் போயிடும்."

பெரட்டு என்பது விடிவதற்கு முன் தோட்டத்து ஜனம் முழுவதும் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம். அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி நீட்டுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லுவதில்லை. கோயில் வரி, கூத்து வரி, துரைக்கு மாலை, எல்லாம் அப்படித்தான் வசூலாகும். அதில் தப்பு ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதும் இல்லை. பாதிப் பேர் கைதட்டினார்கள்.

காரியதரிசியின் உடம்பு ஆட ஆரம்பித்தது. அக்கிராசனர் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் போனான். கை வரவில்லை. வார்த்தைதான் வந்தது.

"எனக்கு ஆறு வயசு. எங்கம்மா பெரட்டுல நிக்கிறாங்க, நான் முந்தானைய புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். கூத்துக்காரங்க வந்திருக்காங்க, ஆளுக்கு இவ்வளவுன்னு கங்காணி சொல்றாரு. எங்கம்மா, 'நான் கூத்து பாக்கப் போறதில்லையே கங்காணி, நான் எதுக்குக் குடுக்கணும்'னாங்க. அம்புட்டுதான் கேட்டாங்க. வுட்டாரு ஒண்ணு. பால் வாளியோட போயி விழுந்தாங்க. இருநூறு பேரு நின்னாங்கடா. ஒருத்தன் வாய தொறக்கல. அன்னிக்கி சாயங்காலம் எங்கம்மா கூத்து பாக்கப் போனாங்க. முன்னால உக்காந்து பாத்தாங்க."

அவர் கைகளின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம டிக்கெட்டு பெரட்டுக்குப் போவக்கூடாது. ஒவ்வொருத்தனும் ஒரு கட்டு எடுத்துக்கிட்டு லயம் லயமா போயி விப்போம். வேணும்ங்கிறவன் வாங்கட்டும், வேணாங்கிறவன் போவட்டும். பத்து டிக்கெட்டு வித்தாலும் பரவால்ல, பத்து பேருக்கு நடிப்போம்."

ஓட்டெடுப்பில், அக்கிராசனர் நீங்கலாக, ஏழுக்கு ஆறு என்று அவர் பக்கம் ஜெயித்தது. ஏழாவது கை என்னுடையது. அவர் பேச்சு என் மனத்தைத் தொட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தொடைக்கு அடியிலிருந்து வலது கை கொஞ்சம் வெளியே தெரிந்தது என்பதும் உண்மை. அக்கிராசனர் முகம் கறுத்துப்போய், "பாப்போம், எத்தன விக்குதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு எங்கள் ஆறாங்கட்டைத் தோட்டம். இரண்டு சாயங்காலம் லயம் லயமாக நடந்தேன். நான்கு டிக்கெட் விற்றது. "ஓசியா தம்பி?" என்று கேட்டார்கள். "நாங்களே இங்க நாடகந்தான் ஆடிக்கிட்டிருக்கோம்" என்றார் ஒருவர். ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அடுத்த தடவ பாக்குறேன் தம்பி" என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. கிராணி மகன் வாசல் வாசலாக அட்டை விற்கிறான் என்று அப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற கவலை வேறு.

திரும்பும் வழியில் கங்காணி எதிரே வந்தார். என் கையிலிருந்த கட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அலமாக், நீங்க எதுக்கு தம்பி அலையறீங்க? குடுங்க இப்படி. காலையில ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது."

வேண்டாம் என்று வாய் சொல்லியது. கை கொடுத்துவிட்டது. மறுநாள் சாயங்காலமே கட்டு தீர்ந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான்.

காரியதரிசியிடம் இருபத்தைந்தும் விற்றுவிட்டது என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என் முதுகில் ஓங்கித் தட்டி, அக்கிராசனர் இருந்த இடத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனார். "பாத்தியா? நடந்தே வித்திருக்கான். ஒரு ஆள கட்டாயப்படுத்தல. முடியும்னு சொன்னேனா இல்லியா?" அந்தத் தட்டில் இரண்டு நாள் முதுகு வலித்தது. உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அதுதான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நாடகத்தன்று கிட்டங்கியில் ரப்பர் புகை நாற்றமும் ஜனமும் நெருக்கின. அக்கிராசனர்தான் ராஜா. ஜிகினாக் காகிதத்தில் கிரீடம் வைத்துக்கொண்டு மேடையில் உலவினான். காரியதரிசியும் நானும் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தோம். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அவர், "வாங்க, வாங்க, முன்னால போயி உக்காருங்க" என்று தம் வீட்டுக் கல்யாணம்போல் அழைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு பெண் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்ன அதே அம்மா. குழந்தை இடுப்பில் துவண்டு கிடந்தது. அவருடைய இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"என்னம்மா இது? யாரு அடிச்சது?" என்றார் காரியதரிசி.

"ஒண்ணுமில்ல தம்பி."

"சொல்லுங்க."

"பெரட்டுல ஆளுக்கு ஒரு டிக்கெட்டுன்னு கங்காணி குடுத்தாரு. புள்ளக்கி மருந்து வாங்கணும், எனக்கு வேணாம்னேன். அடிச்சிட்டு, கையில வச்சிட்டுப் போயிட்டாரு."

"அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க? ஒடம்புக்கு முடியாத புள்ளய தூக்கிக்கிட்டு?"

"வராட்டி அதுக்கும் அடிப்பாங்களோன்னு பயமா இருந்திச்சி தம்பி."

எந்தத் தோட்டம் என்று காரியதரிசி கேட்டிருந்தால் என் கதை அந்த வாசலிலேயே முடிந்திருக்கும். அவர் எதையும் கேட்டுவிட்டு அடிக்கிற ஆள் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். கிராணி வீட்டுப் பிள்ளை அங்கே நிற்கும்போது அவர் எப்படிச் சொல்லுவார்? தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பெரட்டில் விற்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னவன் ஒருவன்தான். அவன் மேடையில் கிரீடத்தோடு நின்றுகொண்டிருந்தான். காரியதரிசி ஜனத்துக்கு நடுவே நடந்து, நேராக மேடைமேல் ஏறினார். முதல் அடியில் கிரீடம் பறந்தது. இரண்டாவதில் ராஜா சிம்மாசனத்தோடு சாய்ந்தான். இது நாடகத்தில் வருகிற சண்டை என்று நினைத்து ஜனம் கைதட்டி விசிலடித்தது. "நானில்லண்ணே! சத்தியமா நானில்லண்ணே!" என்று அவன் கத்தக் கத்த, நன்றாக நடிக்கிறான் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். வாயிலிருந்து ரத்தம் வேட்டியில் கொட்டிய பிறகுதான் முன்வரிசையில் ஒரு கிழவி அலறினாள். ஆறு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். ஆறு வாரம் அடக்கிவைத்த அத்தனையும் அந்த ஒருவன்மேல் விழுந்திருந்தது. இரண்டு பல் போய், இடது காது கேட்காமல் போய்விட்டது.

நான் வாசலில் கிழித்த டிக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் பள்ளி முழுவதும் வரிசையில் நின்றது. ஹெட்மாஸ்டர் காரணம் கேட்டார். இவர் வழக்கம்போல் விரல் மடக்கிச் சொன்னார். காதில் பஞ்சோடு நின்ற அக்கிராசனர், டிக்கெட்டைக் கங்காணியிடம் கொடுத்தது தான் இல்லை என்றான். அவனுடைய அப்பா, மளிகைக் கடைக்காரர், எல்லார் முன்னாலும் சொன்னார்:

"எம் மவன் காது போனது போச்சிங்க. அவன்மேல இருக்குற பழி போவணும். குடுத்தவன் எவன்னு தெரிஞ்சா போதும், எம் புகார நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"யாருக்காவது தெரியுமா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "நாலு நாள் அவகாசம் தருகிறேன். தெரிந்தால் பெயர் நீக்கம் பற்றி மறுபடி யோசிக்கலாம்."

நான் என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளும் அதையேதான் பார்த்தேன். அந்த நாலு நாளில் ஹெட்மாஸ்டர் அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். அப்பாவுக்குத் தெரிந்தால், துரைக்குத் தெரிந்தால், கங்காணி என்ன நினைப்பார், எனக்கும் பரீட்சை இருக்கிறதே என்று எல்லாவற்றையும் யோசித்தேன். காரியதரிசியின் அம்மாவைப் பற்றி மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவர் சிங்கப்பூருக்குப் போனார். கப்பல் துறையில் மூட்டை தூக்கும் வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் வந்து நின்றிருந்தது. தகரப் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு ரயில் கதவருகே அவர் நின்றார்.

"அண்ணே, கங்காணிகிட்ட குடுத்தது நான்தான்."

சொல்லி முடித்தபோது நான் தரையில் கிடந்தேன். வாயில் உப்புக் கரித்தது. நாக்கில் ஏதோ உருண்டது, துப்பினால் பல். கூலிக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர் அவர்களைக் கையால் தடுத்துவிட்டு, என்னைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டார்.

"பேரு போனது போச்சி. சரியான ஆள அடிச்சிட்டுப் போறேன்."

சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், பல் போனது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

"நான் இந்த வண்டியில போறேன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"சிங்கப்பூர் வண்டி எப்பன்னு ஸ்டேஷன்ல விசாரிச்சேன்."

"எப்ப?"

"முந்தாநாள்."

முந்தாநாள் ஹெட்மாஸ்டர் தந்த அவகாசம் முடிந்திருக்கவில்லை. அவருடைய சிரிப்பு போய்விட்டது. அதற்கும் அவர் அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. ரயிலுக்குள் கையை விட்டுத் தகரப் பெட்டியை மறுபடி வெளியே எடுத்து, என் காலடியில் வைத்தார்.

"எஞ்சின் தண்ணி புடிக்குது. பத்து நிமிஷமாவும். ஹெட்மாஸ்டர் பங்களா அந்தா, அந்த மேட்டுல. நீ ஓடு. நான் ஏறல."

நான் மேட்டைப் பார்த்தேன். வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, கையால் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். அவர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஊதியதும் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

அந்த வருஷம் நான் சீனியர் பரீட்சையில் தேறினேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஆறாங்கட்டையிலேயே கிராணியானேன். எத்தனையோ வருஷம் பெரட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் யார்மேலும் கை வைத்ததில்லை என்று தோட்டத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கங்காணி அடிக்கும்போது நான் குனிந்து பேர் எழுதிக்கொண்டிருப்பேன்.